கேஜ் ஜீரோ காட்டினாலும் சிலிண்டர் காலி இல்லை

இந்த வார எபிசோடுல சென்சார்கள் பத்திப் பேசினோம். பிரஷர் கேஜ் பத்திச் சொல்ல நேரமில்லாம போச்சு. அதை இங்கே எழுதுறேன்.

2021 ஜூலை. யாங்கூனில் கொரோனாவின் மூன்றாவது அலை. ஆக்ஸிஜன் நிரப்பும் இடங்களில் விடியறதுக்கு முன்னாடியே சிலிண்டரோடு வரிசை. பெரியப்பாவுக்கு மூச்சுத் திணறல். கரன்ட் எப்போ போகும்னு தெரியாததால கான்சென்ட்ரேட்டரை மட்டும் நம்ப முடியாது. அண்ணன் ஒரு நாள் பூரா நின்னு 40 லிட்டர் சிலிண்டர் ஒண்ணை நிரப்பிக் கொண்டுவந்தார்.

"தம்பி, இது எத்தனை மணி நேரம் வரும்?" பெரியம்மா என்னைத்தான் கேட்டாங்க. வீட்டுல கம்ப்யூட்டர் சயின்ஸ் படிச்சவன் நான்தானே!

எனக்கு ஞாபகம் வந்தது எட்டாம் வகுப்பு சிரிஞ்சு. ஊசி இல்லாத சிரிஞ்சில் 20 மில்லி காற்று, முனையில விரல். 10 மில்லிக்கு அமுக்கினா உள்ளே அழுத்தம் இரண்டு மடங்கு. 1662இல் ராபர்ட் பாயில் வெளியிட்ட விதி இதுதான்.

கேஜ் 150 பார் காட்டியது. 40 × 150 = 6000 லிட்டர். நிமிஷத்துக்கு 5 லிட்டர்னா 1200 நிமிஷம், அதாவது 20 மணி நேரம். பத்தாகக் கூட்டினா 10 மணி நேரம்தான். (இவ்வளவு அழுத்தத்தில் விதி கொஞ்சம் பிசகும், வீட்டுக் கணக்குக்குப் போதும்.) 75க்கு இறங்கினா பாதி தீர்ந்தது, அடுத்த வரிசைக்குக் கிளம்பணும். பெரியம்மா அதைக் காலண்டர்ல எழுதி மாட்டினாங்க.

முள் ஜீரோவைத் தொட்டபோதும் உள்ளே 40 லிட்டர் இருந்தது! வெளிக்காற்றின் அழுத்தத்துக்கு மேல எவ்வளவு இருக்குன்னு மட்டும்தான் அந்த கேஜ் சொல்லும். இரண்டு பக்கமும் சமமானதும் வாயு தானா வெளியே வராது. மிச்சத்தை எடுக்க வெற்றிடப் பம்பு வேணும்.

வெற்றிடத்துக்குக் கிட்டப் போகவும் அதே சிரிஞ்சு போதும். 60 டிகிரி வெந்நீரைக் கொஞ்சம் எடுத்து, காற்றை வெளியேத்தி, முனையை மூடித் தண்டைப் பலமா இழுங்க. அடுப்பே இல்லாம தண்ணீர் கொதிக்கும். சின்னப் பசங்க செஞ்சா பெரியவங்க பக்கத்துல இருக்கணும்.

போன மாசம் பெரியப்பா முன்னாடி செஞ்சு காட்டினேன். "வெந்நீர்னா குமிழி வரத்தானேடா செய்யும்"னுட்டு, சிரிஞ்சை வாங்கி அவரே மூணு தடவை இழுத்துப் பார்த்தார்.