நுரைநீக்கியைத் தூய்மை செய்யும் முறை

கடல்வாழ் உயிர்களைக் கண்ணாடித் தொட்டியில் வளர்த்துக் கண்டு மகிழும் வழக்கம் ஐரோப்பாவில் 19ஆம் நூற்றாண்டில் வேரூன்றியது. 1853ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரத்து விலங்குக் காட்சிசாலையில் மீன்களுக்கெனத் தனி மனையொன்று திறக்கப்பெற்றது. அடுத்த ஆண்டிலே பிலிப் ஹென்றி காஸ் என்னும் இயற்கை நூலறிஞர் 'அக்குவேரியம்' என்னும் பெயரையே தலைப்பாகக் கொண்ட நூலை வெளியிட்டார். அந்நாளையோர்க்கு நேர்ந்த பெருந்தொல்லைகளுள் ஒன்று, சிறு தொட்டியில் அடைபட்ட கடல்நீர் விரைவிற் கெடுதலாம். அத்தொல்லையைக் குறைத்தற்பொருட்டுப் பிற்காலத்தார் கண்ட கருவிகளுள் சிறந்ததொன்று 'புரோட்டீன் ஸ்கிம்மர்' என்பது. அதனை இக்கட்டுரையில் நுரைநீக்கி என வழங்குவோம். நீரைத் தூய்மை செய்யும் இக்கருவியைத் தூய்மை செய்தல் எங்ஙனம், அதற்குரிய கரைசல்களை வீட்டிலேயே ஆக்கிக்கொள்ளுதல் எங்ஙனம் என்பனவே ஈண்டு யாம் விளக்கப் புகுந்த பொருள்.

முதற்கண் கருவி தொழில் செய்யுமாற்றை அறிதல் வேண்டும். மீன்களின் கழிவினின்றும் எஞ்சிய உணவினின்றும் புரதமும் கொழுப்பும் நீரிற் கலக்கின்றன. இவற்றின் நுண்கூறுகள் பலவற்றில் ஒரு புறம் நீரை நாடும். மறுபுறம் நீரை வெறுக்கும். ஆதலின் அவை நீரும் காற்றும் கூடுமிடத்தைத் தேடிச் சென்று ஒட்டிக்கொள்ளும். காற்று மிகுந்த நாளிற் கடற்கரையில் வெண்ணுரை திரள்வதற்கும் இதுவே காரணம். நுரைநீக்கியில் ஒரு பம்பு காற்றை மிக நுண்ணிய குமிழிகளாக்கி நீரோடு கலக்கின்றது. அழுக்கை ஏந்திய குமிழிகள் நுரையாகித் திரண்டு, குறுகிய கழுத்தின் வழியே மேலேறி, உச்சியிலுள்ள கிண்ணத்தில் வழிந்து தங்குகின்றன. உப்புநீரில் குமிழிகள் ஒன்றோடொன்று எளிதிற் கூடாமல் நுண்ணியவாய் நிற்கும். நன்னீரிலோ விரைந்து கூடிப் பெரிதாகி உடையும். அதுபற்றியே இக்கருவி கடல்நீர்த் தொட்டிக்கே சிறப்பாக உரியதாயிற்று.

இனி, இக்கருவியிற் படியும் அழுக்கு ஒருவகையன்று, மூவகைத்து. கழுத்திலும் கிண்ணத்திலும் படிவது பழுப்பு நிறமான பிசுக்கு. பம்பின் சுழலியிலும் கருவியின் உட்சுவரிலும் படிவது சுண்ணாம்புப் பொருக்கு. காற்றுக் குழாயின் வாயிற் படிவது உப்பு. மூன்றுக்கும் ஒரே மருந்தைத் தேடுவதே பலரும் இடர்ப்படுதற்குக் காரணமாகும்.

பிசுக்கிற்கு வெதுவெதுப்பான நீரும் மென்மையான பஞ்சும் போதும். கழுத்திற் பிசுக்கு மிகுந்தால் நுரை மேலேறாது உடைந்து வீழும். அகற்றப்பட வேண்டிய அழுக்கு தொட்டிக்கே திரும்பும். ஆதலின் வாரத்திற்கு ஒரு முறையேனும், மீன்கள் மிகுந்த தொட்டியாயின் சில நாட்களுக்கு ஒரு முறையேனும், கழுத்தைத் துடைத்தல் நன்று. காற்றுக் குழாயின் உப்பும் வெந்நீரிற் கரைந்துவிடும். குழாயைக் கழற்றிச் சிறிது நேரம் ஊறவிட்டால் அமையும்.

சுண்ணாம்புப் பொருக்கோ நீருக்கும் பஞ்சிற்கும் அசையாது. அதற்குப் புளிப்பே மருந்து. நம் இல்லங்களிற் பித்தளைப் பாத்திரத்தைப் புளியிட்டு விளக்குகின்றனர். அங்கே களிம்பைக் கரைக்கும் புளிப்பின் ஆற்றலே இங்கே சுண்ணாம்பைக் கரைக்கின்றது. இதற்கென இரு கரைசல்களைக் கூறலாம்.

முதலாவது, சமையலுக்குரிய வெள்ளை வினிகர். இதில் அசெட்டிக் அமிலம் நூற்றுக்கு 5 பங்கு அளவில் உண்டு. இதனுடன் சம அளவு நீர் கலந்து பயன்படுத்தலாம். இரண்டாவது, எலுமிச்சை உப்பு என்று கடைகளில் விற்கப்படும் சிட்ரிக் அமிலம். ஒரு லிட்டர் வெதுவெதுப்பான நீரில் சுமார் 50 கிராம் கரைத்தாற் போதும். இதற்கு வினிகரின் நெடி இல்லை. பொடியாக நெடுநாள் வைத்திருக்கவும் இயலும்.

செய்முறை பின்வருமாறு. முதலில் மின்னிணைப்பைத் துண்டித்துக் கருவியைத் தொட்டியினின்றும் வெளியே எடுத்தல் வேண்டும். பின்னர், கரைசல் நிறைந்த வாளியில் பம்பை மூழ்க வைத்து, ஒரு மணி நேரம் ஓடவிடலாம். சிறு குமிழிகள் எழுமாயின் அமிலம் சுண்ணாம்பைக் கரைத்துக் கரியமில வாயுவை வெளியிடுகின்றதென அறிக. குமிழிகள் நின்ற பின்னும் பொருக்கு எஞ்சியிருப்பின் அமிலம் வலிமை இழந்தது என்பது பொருள்; புதிய கரைசல் இடுக. தடித்த பொருக்காயின் பம்பை நிறுத்தி, உறுப்புகளை ஓர் இரவு ஊறவிடலாம். சுழலியின் அச்சு பீங்கானால் ஆயதாயின் எளிதில் முறியும். மெல்லக் கையாளுதல் வேண்டும். ஈற்றில் நன்னீரிற் பலமுறை அலசி, நன்னீரிலேயே சிறிது நேரம் பம்பை ஓடவிட்டு, அதன் பின்னரே தொட்டியிற் சேர்க்க. இங்ஙனம் மூன்று முதல் ஆறு திங்களுக்கு ஒரு முறை செய்யலாம்.

விலக்கத்தக்கன சில உள. சோப்பு ஆகாது, அதன் எச்சம் சிறிது தங்கினும் நுரை கட்டுக்கடங்காது பொங்கிக் கிண்ணம் வழியும். வினிகரோடு சமையற் சோடாவைக் கலப்பார் உளர். கலந்தவுடன் ஆரவாரமாகப் பொங்குவது கண்டு வலிமை மிக்கதென மயங்குகின்றனர். உண்மையில் புளிப்பும் காரமும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ள, சுண்ணாம்பைக் கரைக்கும் ஆற்றல் குன்றிவிடுகின்றது. கொதிநீர் அக்ரிலிக்கால் ஆய கருவியை நெளியச் செய்யும். ஸ்பிரிட் அதனில் நுண்பிளவுகளை உண்டாக்கும். சொரசொரப்பான நார் கீறலை விளைக்கும், அக்கீறலில் அழுக்கு முன்னினும் விரைந்து பற்றும்.

இவை யாவற்றினும் தலையாய விலக்கு ஒன்றுண்டு. நெடுநாட் பிசுக்கைப் போக்கத் துணி வெளுக்கும் பிளீச்சிங் திரவத்தை நீரிற் கலந்து பயன்படுத்துவோர் உளர். அத்திரவத்தை வினிகருடனோ சிட்ரிக் அமிலத்துடனோ ஒருபோதும் கலத்தல் கூடாது. கலந்த அளவிலே குளோரின் என்னும் நச்சுவாயு எழும். அது நுரையீரலைத் தாக்கி உயிருக்கே ஊறு செய்ய வல்லது. ஒன்றைப் பயன்படுத்திய வாளியையும் கருவியையும் முற்றும் அலசாமல் மற்றொன்றை ஊற்றுதலும் அத்தகைய தீங்கையே விளைக்கும். பிளீச்சிங் திரவத்தின் எச்சம் மீன்களுக்கும் பவழ உயிர்களுக்கும் நஞ்சாதலின், அதனைத் தவிர்த்து வெந்நீரையும் பொறுமையையும் துணைக்கொள்வதே நலம் என்பது எம் கருத்து.

தூய்மை செய்த கருவி சில மணி நேரமோ ஓரிரு நாளோ நுரையைச் சீராக எழுப்பாதிருக்கலாம். கைப்பட்ட எண்ணெயும் நுரையை உடைக்கும். அது கண்டு அஞ்ச வேண்டா, தானே நிலைப்படும்.

கண்ணாடித் தொட்டியுள் வாழும் உயிர்கள் தம் நீர் கெட்டதென்று நம்மிடம் முறையிட மாட்டா. கடலுக்கு மீளவும் அவற்றிற்கு வழியில்லை. பம்பு அடைபட்டு நுரை நின்றால், அழுக்கு நீரிலேயே தங்கி அழுகும்; அழுகுங்கால் அவ்வுயிர்கள் சுவாசிக்கும் பிராணவாயுவும் குறையும். அவற்றை அடைத்து வைத்த நாமே அவற்றின் நீருக்குப் பொறுப்பாவோம். அப்பொறுப்பை நிறைவேற்ற விலையுயர்ந்த மருந்துகள் வேண்டா. அழுக்கின் இயல்பை முன்னே ஆராய்ந்து, அதற்குரியதை மட்டும் அளவறிந்து இடுதலே போதுமானது. பிசுக்கிற்கு வெந்நீர், பொருக்கிற்குப் புளிப்பு, இரண்டிற்கும் பின் நன்னீர்: இம்மூன்றையும் நினைவிற் கொண்டோர்க்கு இப்பணி எளிதேயாம்.