ஜன்னலுக்கு ஏன் வேர்க்குது?

டொரான்டோவில் ஜனவரி மாதம். வெளியே மைனஸ் 15 டிகிரி. உள்ளே ஹீட்டர் புண்ணியத்தில் 20 டிகிரி. காலையில் எழுந்து திரையை விலக்கினால்... ஜன்னல் அழுதுகொண்டிருக்கிறது! ஓரத்தில் மாக்கோலம் போட்ட மாதிரி உறைபனி வேறு. 'டபுள் கிளேஸிங்னு சொல்லித்தானே வாடகையை ஏத்தினாரு?' என்று வீட்டுக்காரர் மேல் பாய்வதற்கு முன்னால் ஒரு நிமிஷம்!

டபுள் கிளேஸிங் என்பது இரண்டு கண்ணாடிகள். நடுவே பொதுவாக 12 முதல் 16 மில்லிமீட்டர் இடைவெளி. அதற்குள் உலர்ந்த காற்றோ ஆர்கான் வாயுவோ அடைத்து, சுற்றிலும் சீல் வைத்திருப்பார்கள். 1865-லேயே அமெரிக்காவில் தாமஸ் ஸ்டெட்சன் என்பவர் இந்த ஐடியாவுக்கு பேடன்ட் வாங்கிவிட்டார். ஒற்றைக் கண்ணாடியோடு ஒப்பிட்டால் வெளியே ஓடும் வெப்பம் ஏறக்குறைய பாதிதான்.

அப்புறம் ஏன் வேர்க்கிறது? 20 டிகிரியில் இருக்கும் ஒரு கன மீட்டர் காற்று சுமார் 17 கிராம் நீராவியைத் தாங்கும். 0 டிகிரி என்றால் 5 கிராம்தான். சூடான காற்று குளிர்ந்த கண்ணாடியைத் தொட்டதும், தாங்க முடியாத மிச்சத்தை அங்கேயே கொட்டிவிடுகிறது. ஐஸ் வாட்டர் டம்ளருக்கு வேர்க்குமே, அதே சமாசாரம்தான். இரண்டு கண்ணாடிக்கும் நடுவில் ஓரமாக அலுமினியப் பட்டி இருந்தால் அங்கே குளிர் ஜாஸ்தி. பனிக்கோலமும் அங்கேதான் ஆரம்பம்.

ஈரம் எந்தப் பக்கம் என்று விரலால் தொட்டுப் பாருங்கள்.

உள்பக்கமா? வீட்டுக்குள் நீராவி அதிகம். குக்கர் விசில், வெந்நீர்க் குளியல், ஹாலில் காயும் பனியன் எல்லாமே கூட்டாளிகள். எக்ஸாஸ்ட் ஃபேனைப் போடுங்க சார்.

வெளிப்பக்கமா? சந்தோஷப்படுங்கள்! வெப்பம் வெளியே கசியாததால்தான் வெளிக்கண்ணாடி அவ்வளவு குளிர்ந்திருக்கிறது.

நடுவிலா? சீல் போச்சு. துடைக்கவே முடியாது. ஆனால் 'முழு ஜன்னலையும் மாத்தணும்' என்றால் மயங்காதீர்கள். சட்டம் நன்றாக இருந்தால் பெரும்பாலும் கண்ணாடி செட்டை மட்டும் மாற்றினாலே போதும்.

இதெல்லாம் வெறும் துடைக்கிற பிரச்னை இல்லை. ஈரம் தங்கினால் பூஞ்சை வரும். இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் 2020 டிசம்பரில் 2 வயதுக் குழந்தை ஒன்று இறந்தது. வாடகை வீட்டில் நீண்ட நாள் படர்ந்திருந்த பூஞ்சைதான் காரணம் என்று 2022-ல் விசாரணை முடிவு சொன்னது. அப்பா திரும்பத் திரும்பப் புகார் சொல்லியும் சரிசெய்யவில்லை. சமையல், குளியல் என்று குடியிருந்தவர்கள் பழக்கத்தின் மேல் பழி! 2023-ல் அந்தக் குழந்தையின் பெயராலேயே சட்டம் வந்தது.

ஆகவே குளிர்தேசத்துக்கு வேலைக்குப் போகும் நண்பர்களே, ஜன்னலைத் துடைப்பது உங்கள் வேலை. சுவரில் கறுப்புப் படர்ந்தால் வாய்ப்பேச்சு போதாது. போட்டோ எடுத்து, தேதி போட்டு, எழுத்தில் கொடுங்கள். அதற்கப்புறம் வேர்க்க வேண்டியது வீட்டுக்காரருக்கு!