கிரெடிட் கார்டு பாக்கி வேலைக்கே வேட்டு வைக்குமா? - அமெரிக்காவின் 'செக்யூரிட்டி கிளியரன்ஸ்' கணக்கு!

நம் ஊரில் தவணை தவறினால் வங்கியிலிருந்து போன் வரும், சிபில் ஸ்கோர் இறங்கும். அமெரிக்காவில் ஒரு சாராருக்கு, அதோடு சேர்த்து வேலையே பறிபோகலாம்.

ராணுவம், உளவுத்துறை, அவற்றுக்கு மென்பொருளும் தளவாடமும் செய்து தரும் தனியார் நிறுவனங்கள் என எங்கே வேலை பார்த்தாலும், அரசு ரகசியங்களைக் கையாள 'செக்யூரிட்டி கிளியரன்ஸ்' எனும் அனுமதி வேண்டும். கான்ஃபிடென்ஷியல், சீக்ரெட், டாப் சீக்ரெட் என இதில் மூன்று நிலைகள். அனுமதி ரத்தானால், அதை நம்பியிருக்கும் வேலையில் நீடிப்பது கஷ்டம்.

கடனுக்கும் ரகசியத்துக்கும் என்ன சம்பந்தம்?

கழுத்தை நெரிக்கும் கடனில் இருப்பவர் பணத்துக்காக ரகசியத்தை விற்றுவிடுவாரோ என்ற பயம்தான். அது வெறும் கற்பனை பயமும் அல்ல. சி.ஐ.ஏ அதிகாரி ஆல்ட்ரிச் ஏம்ஸ், விவாகரத்தும் கடனும் நெருக்கிய நிலையில் 1985-ல் சோவியத் யூனியனுக்கு ரகசியங்களை விற்க ஆரம்பித்தார். அவர் காட்டிக்கொடுத்ததால் அமெரிக்காவுக்கு உதவிய பலர் கொல்லப்பட்டனர். ரொக்கமாக 5,40,000 டாலர் கொடுத்து வீடு, ஜாகுவார் கார் என அவர் வாழ்ந்தும், 1994-ல்தான் பிடிபட்டார். அதனால், கணக்குக் காட்ட முடியாத திடீர் வசதியும் இன்று சந்தேகப் பட்டியலில் இருக்கிறது.

என்னென்ன கேட்பார்கள்?

2017 ஜூனில் அமலுக்கு வந்த விதிமுறைகளில் மொத்தம் 13 தலைப்புகள். அதில் ஒன்று பண விவகாரம். விண்ணப்பதாரர் நிரப்பும் 'எஸ்.எஃப்-86' படிவம், கடந்த 7 ஆண்டுகளில் திவால் மனு கொடுத்தீர்களா, வருமான வரி கட்டாமல் விட்டீர்களா, 120 நாள்களுக்கு மேல் பாக்கி வைத்தீர்களா, எப்போதாவது சூதாட்டத்தால் பணச் சிக்கல் வந்ததா என்று துருவித் துருவிக் கேட்கிறது. அனுமதி கிடைத்த பிறகும் கடன் பதிவுகளைத் தொடர்ந்து கண்காணிக்கிறார்கள்.

அமெரிக்கக் குடியுரிமை பெற்ற தமிழர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். சொந்த ஊரில் உங்கள் பெயரில் வீடு, நிலம், வங்கிக் கணக்கு இருந்தால் அதையும் இதே படிவத்தில் சொல்லியாக வேண்டும்.

கடன் இருந்தாலே அவ்வளவுதானா?

இல்லை. 'இத்தனை டாலர் தாண்டினால் அனுமதி கிடையாது' என்ற உச்சவரம்பு எதுவும் இல்லை. கடன் ஏன் வந்தது, வந்த பிறகு என்ன செய்தீர்கள் என்பதுதான் கேள்வி. வேலையிழப்பு, எதிர்பாராத மருத்துவச் செலவு, விவாகரத்து, குடும்பத்தில் மரணம் போன்றவை நம் கையில் இல்லாதவை என்பதை விதிமுறையே ஏற்கிறது. உதாரணமாக, மனைவியின் அறுவை சிகிச்சைக்குக் கடன்பட்டு, மாதாமாதம் ஒழுங்காகத் தவணை கட்டுபவரின் நிலை வேறு. சம்பளம் வந்தும் கடன்காரர்களின் கடிதத்தைப் பிரிக்காமலே போடுபவரின் நிலை வேறு.

கடனைவிட ஆபத்தானது, அதை மறைப்பது. படிவத்தில் தெரிந்தே பொய் சொன்னால் 5 ஆண்டுகள் வரை சிறை காத்திருக்கிறது.

அனுமதியை மறுக்க நினைத்தால், காரணங்களை எழுத்தில் தருவார்கள். அதற்குப் பதில் அளிக்கலாம். தனியார் ஒப்பந்த ஊழியர்கள் நிர்வாக நீதிபதி முன் விசாரணையும் கேட்கலாம்.

விண்ணப்பிக்கும் முன்...

* ஈக்விஃபாக்ஸ், எக்ஸ்பீரியன், டிரான்ஸ்யூனியன் ஆகிய மூன்று நிறுவனங்களின் கடன் அறிக்கைகளையும் இலவசமாக வாங்கிப் பாருங்கள். தவறு இருந்தால் உடனே ஆட்சேபம் தெரிவியுங்கள்.
* கட்ட முடியாத நிலை என்றால், கடன் கொடுத்தவரிடம் நீங்களே பேசி, தாங்கக்கூடிய தவணையை எழுத்தில் வாங்குங்கள்.
* ஒவ்வொரு ரசீதையும் பத்திரப்படுத்துங்கள். விசாரணையின்போது 'கட்டிக்கொண்டுதான் இருக்கிறேன்' என்ற வார்த்தைக்கு அந்த ரசீதுகள்தான் சாட்சி.

கடனை இன்றே அடைக்க எல்லோராலும் முடியாது. ஆனால், முதல் தவணையை இன்றே கட்ட முடியும்!