அடுப்புக் குழாயில் ஒரு கிளை

சமையலறை அடுப்புக்கென்று போட்ட வாயுக் குழாயிலிருந்து வெந்நீர் கெய்சருக்கும் ஒரு கிளை பிரித்துக்கொள்ளும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. கெய்சரைத் திறந்ததும் அடுப்பில் சுடர் குன்றுகிறது. சிலிண்டர் காலியாகிறது போலும் என்று எண்ணுகிறோம். பெரும்பாலும் பழி குழாயையே சேரும்.

சிலிண்டருக்குள் வாயுவின் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைப்போலப் பல மடங்கு. ரெகுலேட்டர் அதைச் சதுர சென்டிமீட்டருக்கு 30 கிராம் எடை என்ற அளவுக்குக் குறைத்து அனுப்புகிறது. 30 செ.மீ. உயர நீர்த்தம்பம் தரும் அழுத்தம் இது. இந்தச் சொற்ப அழுத்தத்தைக் கொண்டுதான் வாயு, குழாயின் உராய்வை வென்று பர்னரை அடைய வேண்டும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நிமிடத்திற்கு 6 லிட்டர் நீரை 25 டிகிரி செல்சியஸ் சூடேற்ற 150 கிலோகலோரி வேண்டும், மணிக்கு 9,000. ஒரு கிலோ சமையல் வாயு எரிந்தால் ஏறத்தாழ 11,000 கிலோகலோரி கிடைக்கும். வீணாகும் வெப்பத்தையும் சேர்த்தால் கெய்சருக்கு மணிக்கு ஒரு கிலோ வாயு தேவை. அடுப்பின் ஒரு பர்னருக்கோ இதில் ஆறில் ஒரு பங்கு போதும்.

இந்த ஒரு கிலோ வாயு, 8 மி.மீ. உள்விட்டமுள்ள 10 மீட்டர் குழாயில் ஓடினால் சுமார் 3 செ.மீ. நீரழுத்தம் உராய்வில் போய்விடும். உள்விட்டம் 6 மி.மீ. ஆனால் இழப்பு சுமார் 12 செ.மீ.! விட்டம் கால் பங்கு குறைய, இழப்பு நான்கு மடங்காகிறது. செம்புக் குழாய் வாங்கும்போது பணத்தை மிச்சம் பிடிப்பது எங்கே கொண்டுவிடும் என்று பாருங்கள். கிளையை அடுப்பருகே பிரிக்காமல் ரெகுலேட்டருக்கு அருகிலேயே பிரித்தால், இரண்டுக்கும் பொதுவான குழாயின் நீளம் குறையும். அடுப்பும் அவ்வளவாகப் பாதிக்கப்படாது.

சுடர் குன்றுவது தொல்லைதான், ஆபத்தன்று. ஆபத்து கெய்சரை மாட்டும் இடத்தில் இருக்கிறது. ஒரு கிலோ வாயு முழுமையாக எரிய ஏறத்தாழ 13 கன மீட்டர் காற்று வேண்டும். ஒன்றரை மீட்டர் அகலம், இரண்டு மீட்டர் நீளம், இரண்டரை மீட்டர் உயரமுள்ள குளியலறையில் இருப்பதே ஏழரை கன மீட்டர். கதவையும் சன்னலையும் மூடிக்கொண்டு குளித்தால் சில நிமிடங்களிலேயே பிராணவாயு குறையத் தொடங்கும். எரிதல் அரைகுறையாகிக் கார்பன் மோனாக்சைடு உண்டாகும். அதற்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. குளிப்பவர் மயங்கிய பிறகே வீட்டார் அறிவார்கள். எனவே கெய்சரைக் குளியலறைக்கு வெளியே, காற்றோட்டமான இடத்தில் மாட்டி, வெந்நீரை மட்டும் உள்ளே கொண்டுவர வேண்டும்.

கசிவு வேறு கதை. சமையல் வாயு காற்றைவிடக் கனமானது, தரையோடு தேங்கும். காற்றில் 2 சதவீதம் கலந்தாலே தீப்பற்றும். ஆகவே சன்னல் மட்டும் போதாது, தரை மட்டத்திலும் காற்றுத் துளை இருக்க வேண்டும். இணைப்புகளைச் சோப்பு நீர் தடவிச் சோதிக்கலாம். குமிழி வந்தால் கசிவு. தீக்குச்சி கிழித்துப் பார்க்கும் வீரர்களும் இருக்கிறார்கள்! ரப்பர் குழாய் ஒன்றரை மீட்டருக்கு மேல் வேண்டாம். சுவரைத் துளைத்து அதைக் கொண்டுபோகவும் கூடாது. கிளை பிரிக்கும் வேலையை வாயு முகவரின் மெக்கானிக்கிடம் விடுங்கள். அவர் போவதற்குள் அடுப்பையும் கெய்சரையும் ஒருசேர எரியவிட்டுச் சுடரைப் பார்த்துக்கொள்ளுங்கள்.