ஐந்து டாலர் சீட்டில் ஒரு மலையாடு

அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் ஐந்து டாலருக்கு ஒரு குலுக்கல் சீட்டு விற்கிறார்கள். ‘சூப்பர்டேக்’ என்று பெயர். ஒருவர் எத்தனை சீட்டு வேண்டுமானாலும் வாங்கலாம். விழுகிற பரிசு, ஒரு மூஸையோ எல்க் மானையோ பெருங்கொம்பு மலையாட்டையோ வேட்டையாடும் உரிமை. வீழ்த்திய விலங்கோடு இணைக்கவேண்டிய அனுமதிச் சீட்டைத்தான் அங்கே ‘டேக்’ என்கிறார்கள். வழக்கமான ஒதுக்கீட்டில் மலையாட்டு டேக்குக்காக வருடக்கணக்கில் விண்ணப்பித்துக் காத்திருப்பவர்கள் ஏராளம். அவர்களுக்கு இந்தக் குலுக்கல் இன்னொரு வாசல். வசூலாகும் பணம் வேட்டை நிலங்களுக்கு வழி ஏற்படுத்தவும், திருட்டு வேட்டையைத் தடுக்கும் காவல் பணிக்கும் போகிறது.

1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்த இந்தியாவிலிருந்து பார்த்தால் இது மனதை உறுத்தும். உயிரைக் காப்பதற்கான காசை, உயிரை எடுக்கும் உரிமையை விற்றா சேர்ப்பது? ஆனால் அமெரிக்க மாநிலங்களின் வனவிலங்குத் துறைகள் பல தலைமுறைகளாக இப்படித்தான் நடக்கின்றன. பொதுவரிப் பணம் பல மாநிலங்களில் அவற்றுக்குச் சொற்பமே. வேட்டை, மீன்பிடி உரிமக் கட்டணங்கள்தான் முதுகெலும்பு.

இதற்குப் பின்னால் ஒரு பேரழிவின் கதை இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் சந்தைக்காக வரைமுறையின்றிச் சுட்டுத் தள்ளினார்கள். வானத்தை மறைத்துப் பறந்த பயணிப் புறாக்களில் கடைசிப் பறவை 1914-இல் சின்சினாட்டி விலங்குக் காட்சிசாலையில் செத்தது. மிச்சமிருப்பதையாவது காக்கவேண்டும் என்று எழுந்தவர்களில் வேட்டைக்காரர்களே முன்னணியில் நின்றார்கள். 1937-இல் நெவாடாவின் செனட்டர் கீ பிட்மன், வர்ஜீனியாவின் பிரதிநிதி வில்லிஸ் ராபர்ட்சன் இருவர் பெயராலும் அறியப்படும் சட்டம் வந்தது. நீள்குழல் துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் விதிக்கப்படும் 11 சதவீத வரி, இன்று நேராக வனவிலங்கு நிதிக்குப் போகிறது. மாநிலத்தின் பரப்பையும் உரிமம் பெற்ற வேட்டைக்காரர்களின் எண்ணிக்கையையும் பார்த்து அதைப் பங்கிடுகிறார்கள். மாநிலம் ஒரு டாலர் போட்டால் மத்திய நிதி மூன்று டாலர் தரும்.

இந்தச் சட்டத்தின் உயிர்நாடி ஒரு நிபந்தனை. உரிமக் கட்டணத்தை வனவிலங்குத் துறையைத் தவிர வேறு எதற்கும் எடுக்கமாட்டோம் என்று மாநிலம் சட்டம் இயற்றினால்தான் மத்தியப் பங்கு கிடைக்கும். சாலை போடவோ, பட்ஜெட்டில் விழுந்த துண்டை அடைக்கவோ எந்த ஆளுநரும் அதில் கைவைக்க முடியாது. பொருளாதாரம் படுத்த ஆண்டுகளிலும் உயிரியலாளர்களுக்குச் சம்பளம் போனது இந்தக் கறாரால்தான். வெள்ளைவால் மானும் காட்டு வான்கோழியும் பெருகியதில் இந்தப் பணத்துக்குப் பெரும் பங்குண்டு. இதை மனதாரப் பாராட்டுகிறேன்.

குலுக்கலுக்குப் பக்கத்திலேயே ஏலமும் நடக்கிறது. 2013-இல் மொன்டானாவின் ஒரே ஒரு மலையாட்டு டேக் 4,80,000 டாலருக்குப் போனது. அந்தப் பணம் மலையாடுகளின் நலனுக்கே செலவாக வேண்டும் என்பது மாநிலச் சட்டம். செம்மறிகளிடமிருந்து தொற்றும் நிமோனியாவில் மந்தை மந்தையாக மடியும் இனம் அது. ஆய்வுக்கும் இடமாற்றத்துக்கும் பணம் கட்டாயம் வேண்டும். ஆனாலும் ஏலம் எனக்கு ஒப்பவில்லை. அமெரிக்கச் சட்ட மரபில் காட்டு விலங்கு மக்கள் அனைவரின் சொத்து. அதில் ஒன்றை அதிகப் பணம் வைத்திருப்பவருக்கு ஒதுக்குவது அந்த மரபையே அரிக்கிறது. குலுக்கலில் பணக்காரர் கூடுதல் சீட்டு வாங்கலாம்தான். என்றாலும் லாரி ஓட்டுநரின் ஐந்து டாலருக்கும் ஒரு வாய்ப்பு இருக்கிறது.

பெரிய சிக்கல் வேறு. வேட்டையாடுவோர் குறைகிறார்கள். மத்திய அரசின் கணக்கெடுப்பில் 2011-இல் 1.37 கோடியாக இருந்தவர்கள் 2016-இல் 1.15 கோடி. அதே 2016-இல் பறவை பார்த்தும் விலங்கு பார்த்தும் மகிழ்ந்தவர்கள் 8.6 கோடிப் பேர். இவர்கள் உரிமம் எடுக்கத் தேவையில்லை. மாநிலத் துறையின் கல்லாவுக்கு இவர்களால் வருவது மிகக் குறைவு. இன்னொரு பக்கம், இன்று துப்பாக்கி வாங்குவோரில் பலர் வேட்டைக்கே போகாதவர்கள். மனிதர்கள் அஞ்சி ஆயுதம் வாங்கிக் குவிக்கும் ஆண்டில் மான்களுக்கு நிதி பெருகுகிறது. இப்படியொரு கணக்கின்மேல் இயற்கையின் எதிர்காலத்தை நிறுத்துவது எனக்கு வேதனையாக இருக்கிறது.

யார் பணம் தருகிறாரோ அவருக்கு வேண்டிய விலங்குதான் முதலில் கவனிக்கப்படும். எல்க்குக்கு டேக் உண்டு. ஆற்றுச் சிப்பிக்கும் தவளைக்கும் வண்ணத்துப்பூச்சிக்கும் ஏது? மாநிலங்களே வகுத்த திட்டங்களில், உடனடிக் கவனம் தேவை என்று 12,000-க்கும் மேற்பட்ட இனங்கள் பட்டியலில் இருக்கின்றன. அவற்றில் மிகப் பல யாராலும் வேட்டையாடப்படாதவை.

மாற்று வழி புதிதல்ல. மிசௌரி மக்கள் 1976-இல் வாக்களித்து, விற்பனை வரியாக ஒரு சதவீதத்தின் எட்டில் ஒரு பங்கைக் காடு, மீன், வனவிலங்குக்கென்று ஒதுக்கினார்கள். நூறு டாலருக்குச் சாமான் வாங்கினால் பன்னிரண்டரை சென்ட். வேட்டைக்காரர், பறவை பார்ப்பவர், காட்டையே பார்க்காதவர் என எல்லோரும் தருகிறார்கள். இருபது ஆண்டு கழித்து ஆர்கன்சஸும் அதே வழிக்கு வந்தது. நாடு முழுதுக்குமான மசோதா ஒன்று, ஆண்டுக்கு ஏறத்தாழ 140 கோடி டாலர் தருவதாக, 2022 ஜூனில் பிரதிநிதிகள் சபையில் நிறைவேறியது. செனட்டில் அது வாக்கெடுப்புக்கே வரவில்லை. பணத்தை எங்கிருந்து எடுப்பது என்ற பேச்சிலேயே அது முடங்கிப்போனது. அதை மறுபடி எடுக்க வேண்டும். சீட்டுக் குலுக்கல் மலையாட்டுக்கு உதவட்டும். சிப்பிக்கான செலவை மொத்த நாடும் ஏற்கட்டும்.