தேடினால் 'இல்லை' என்கிறதா கணினி? கேரள எல்லைப்புற நூலகங்களில் நூலகரின் புதிய பொறுப்பு

பாலக்காடு: அட்டைப் பட்டியல்களின் இடத்தைக் கணினிப் பட்டியல்கள் பிடித்துவரும் நிலையில், தமிழும் மலையாளமும் அருகருகே வழங்கும் கேரள எல்லைப் பகுதிகளில் நூலகர்களின் பொறுப்பு குறையவில்லை; மாறாகக் கூடியுள்ளது. அலமாரியில் உள்ள ஒரு தமிழ் நூல் கணினியில் தவறாகப் பதிவானால், தேடும் வாசகரைப் பொறுத்தவரை அந்நூல் இல்லாததற்குச் சமம்.

மூன்று வழிகளில் வந்த மரபு

பாலக்காடு மாவட்டத்தின் சித்தூர், இடுக்கி மாவட்டத்தின் தேவிகுளம், பீர்மேடு, உடும்பன்சோலை ஆகிய வட்டங்களில் தமிழ் பேசும் மக்கள் கணிசமாக வாழ்கின்றனர். இப்பகுதிகளின் நூலக வரலாறு ஒரே வழியில் வந்ததன்று. இன்றைய பாலக்காடு மாவட்டத்தின் பெரும்பகுதி சென்னை மாகாணத்தின் மலபார் மாவட்டத்தில் இருந்ததால், 1948-ஆம் ஆண்டின் சென்னைப் பொது நூலகச் சட்டம் அங்கும் பொருந்தியது. சீர்காழியில் பிறந்த நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர்.அரங்கநாதனின் நீண்டகால முயற்சியின் பயனாக உருவான சட்டம் அது. சித்தூர் கொச்சி அரசிலும், இடுக்கி மலைப்பகுதி திருவிதாங்கூரிலும் இருந்தன. திருவிதாங்கூரில் 1945-ஆம் ஆண்டு பி.என்.பணிக்கர் 47 நூலகங்களை ஒருங்கிணைத்துக் கிரந்தசாலை சங்கத்தைத் தொடங்கினார். பின்னர் 1989-ஆம் ஆண்டின் கேரளப் பொது நூலகச் சட்டம், மாநில நூலக மன்றத்தின் கீழ் மாநிலம் முழுமைக்கும் ஒரே அமைப்பை ஏற்படுத்தியது.

ஓர் இலக்க வேறுபாடு

உலகெங்கும் பயன்படும் டூயி பகுப்பு முறையில் தமிழ் இலக்கியத்தின் எண் 894.811, மலையாள இலக்கியத்தின் எண் 894.812. கடைசி இலக்கத்தில் பிழை நேர்ந்தால் நூல் வேறு மொழியின் அலமாரிக்குச் சென்றுவிடும்.

எண் சரியாக இருந்தாலும் சிக்கல் எழலாம். தகழி சிவசங்கரப் பிள்ளையின் 'செம்மீன்' நாவலைச் சுந்தர ராமசாமி தமிழாக்கம் செய்துள்ளார். மொழிபெயர்ப்பு நூல்களை மூல மொழி இலக்கியத்துடன் வைப்பதே டூயி முறையின் விதி. எனவே தமிழில் அச்சான இந்நூலுக்கும் மலையாள எண்ணே கிடைக்கும். நூலின் மொழி தமிழ் என்பதையும் மொழிபெயர்ப்பாளரின் பெயரையும் நூலகர் தனியே பதிவு செய்தால் மட்டுமே, தமிழ் நூல்களைத் தேடுபவரின் கண்ணில் அது படும்.

எழுத்துருவும் பெயர்களும்

பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்யப்பட்ட பட்டியல்கள் திரையில் தமிழாகத் தோன்றினாலும், கணினிக்குள் ஆங்கிலக் குறியீடுகளாகவே சேமிக்கப்பட்டிருக்கும். இன்றைய கைப்பேசியில் யூனிகோடு தமிழில் தேடினால் அவை அகப்படா. இத்தகைய பதிவுகளை யூனிகோடுக்கு மாற்றிச் சரிபார்ப்பது நூலகரின் முதன்மையான பணிகளுள் ஒன்றாகியுள்ளது. நியூசிலாந்தில் உருவாக்கப்பட்டு, 2000-ஆம் ஆண்டு முதல் பயன்பாட்டில் உள்ள கோஹா என்ற கட்டற்ற நூலக மென்பொருளில் தமிழையும் மலையாளத்தையும் அவற்றின் சொந்த எழுத்துகளிலேயே பதிவு செய்ய முடியும்.

பெயர்களை ஆங்கில எழுத்தில் மட்டும் பதிவு செய்வதும் போதாது. 'அழகிரிசாமி' என்ற பெயரில் உள்ள ழகரத்தை ஒருவர் 'இசட் எச்' என்றும் மற்றொருவர் 'எல்' என்றும் எழுதக்கூடும். புனைபெயர்கள் மற்றொரு தடை. புதுமைப்பித்தன், சொ.விருத்தாசலம் ஆகிய இரு பெயர்களும் ஒருவரையே குறிக்கின்றன என்பதை நூலகர்தான் கணினிக்குச் சொல்லித்தர வேண்டும்.

எண்ணிம வாயில்கள்

காரக்பூர் ஐ.ஐ.டி. உருவாக்கிய இந்தியத் தேசிய எண்ணிம நூலகம், 2018 ஜூன் 19 அன்று, பணிக்கரின் நினைவு நாளான தேசிய வாசிப்பு தினத்தில் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தமிழ் மின்னூலகம் 2017 முதல் செயல்படுகிறது. 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டம் தமிழ் இலக்கியங்களை இலவசமாக வழங்கி வருகிறது. சிறிய கிராம நூலகமும் இவற்றின் வழியே தன் இருப்பை விரிவாக்கிக்கொள்ள இயலும்.

எனினும் எல்லாச் சேவையும் எல்லோருக்கும் கிடைப்பதில்லை. 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டம், சுமார் 13,000 ஆய்விதழ்களைத் திறந்துவிடுகிறது. இது அரசு உயர்கல்வி, ஆய்வு நிறுவனங்களுக்கானது; கிராம நூலகத்தின் வாசகர் இதன் வரம்புக்குள் வரமாட்டார். அவருக்கு எது, எங்கே, இலவசமாகக் கிடைக்கும் என்பதை எடுத்துரைப்பவர் நூலகரே.

கருவி மாறினும் மாறாதது

இடுக்கியின் இடமலைக்குடியில் தேநீர்க் கடை நடத்திய சின்னத்தம்பி, 160 நூல்களுடன் நூலகம் ஒன்றையும் நடத்திவந்ததைப் பத்திரிகையாளர் பி.சாய்நாத் 2014-இல் பதிவு செய்தார். யார் எந்த நூலை எடுத்துச் சென்றார் என்பது அங்கு ஒரு பதிவேட்டில் கையால் எழுதப்பட்டிருந்தது. வாசகரையும் நூலையும் இணைக்கும் அதே பணியைத்தான் இன்று கணினிப் பட்டியலும் செய்ய வேண்டியுள்ளது.

கணினியில் நூல் அகப்படாவிட்டால், அது நூலகத்தில் இல்லை என்று வாசகர் உடனே முடிவு செய்ய வேண்டியதில்லை. ஆசிரியரின் மற்றொரு பெயர், மொழிபெயர்ப்பாளர் பெயர், வேறு எழுத்துக்கூட்டல் ஆகியவற்றைக் கொண்டு தேடிப் பார்க்கலாம். அப்போதும் கிடைக்கவில்லையெனில் நூலகரிடம் தெரிவித்தால், அடுத்துத் தேடுபவருக்காவது அப்பதிவு திருத்தப்பட்டிருக்கும்.