தூணுக்குள் ஒளிந்திருக்கும் உப்பு

பல்லாவரத்திலிருந்து குன்றத்தூர் செல்லும் சாலையில் பம்மலை நெருங்கினால், இரு பக்கமும் அடுக்கு மாடிக் குடியிருப்புகள் எழும்பிக்கொண்டிருப்பதைக் காணலாம். ஞாயிற்றுக்கிழமைகளில் குடும்பம் குடும்பமாக வந்து ஃபிளாட் பார்க்கிறார்கள். டைல்ஸைத் தட்டிப் பார்க்கிறார்கள். குழாயைத் திறந்து மூடுகிறார்கள். சமையலறை எந்த மூலையில் இருக்கிறது என்று விசாரிக்கிறார்கள். இருபது ஆண்டுக் கடனில் வாங்கப்போகும் வீடு அல்லவா! ஆனால், "இந்தத் தூணுக்குக் கான்கிரீட் கலக்க எந்தத் தண்ணீரை ஊற்றினீர்கள்?" என்று ஒருவரும் கேட்டு நான் பார்த்ததில்லை. மாணவர்களே, உங்கள் பெற்றோருடன் வீடு பார்க்கச் செல்லும்போது நீங்கள் கேளுங்கள்.

கான்கிரீட்டை அழுத்தினால் தாங்கும். இழுத்தாலோ விரைவில் பிளந்துவிடும்; அதன் இழுவலிமை அழுத்த வலிமையில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்குதான். அந்தக் குறையை ஈடுசெய்யவே உள்ளே எஃகுக் கம்பி வைக்கிறார்கள். நல்லவேளையாக, வெப்பத்தில் இவ்விரண்டும் ஏறத்தாழ ஒரே அளவுக்கு விரிகின்றன. இல்லாவிட்டால் ஒவ்வொரு கோடையிலும் ஒன்றையொன்று விட்டுப் பிரிந்துபோகும்! இன்னொரு நன்மையும் உண்டு. சிமெண்டு கடுமையான காரத்தன்மை உடையது, அதன் பி.எச். மதிப்பு 12-க்கு மேல். அந்தக் காரச் சூழலில் கம்பியின் மேல் மிக மெல்லிய ஆக்சைடு படலம் உண்டாகி, துருப்பிடிக்காமல் காக்கிறது.

இந்தப் படலத்தின் எதிரி குளோரைடு, அதாவது உப்பிலுள்ள குளோரின் அயனி. பம்மல், குரோம்பேட்டை, பல்லாவரம் பகுதிகளில் தோல் பதனிடும் தொழில் நெடுங்காலமாக நடந்து வந்திருக்கிறது. குரோம்பேட்டை என்ற பெயரே ஒரு குரோம் தோல் தொழிற்சாலையால் வந்ததுதான். பச்சைத் தோல் அழுகாமலிருக்க உப்பிடுவார்கள். பதனிடுமுன் கழுவும்போது அந்த உப்பு கழிவு நீரில் கலந்துவிடும். சரிவரச் சுத்திகரிக்காமல் விட்ட காலங்களில் அது மண்ணில் இறங்கிற்று. பல கிணறுகளில் நீர் கரிப்பதன் காரணங்களில் இதுவும் ஒன்று. கம்பி வைத்த கான்கிரீட்டுக்கு ஊற்றும் நீரில் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் குளோரைடு இருக்கக் கூடாது என்பது இந்தியத் தர விதி. மனையிலேயே ஆழ்துளைக் கிணறு இருக்க, லாரித் தண்ணீருக்கு ஏன் காசு கொடுக்க வேண்டும் என்று நினைப்பவர்களே அதிகம்.

கெட்ட பழக்கம் மற்றொன்றும் உண்டு. கலவை இளக்கமாக ஓடட்டும் என்று கூடுதலாக ஒரு வாளி நீரை ஊற்றுவது. சிமெண்டு வேதிவினை புரிய அதன் எடையில் ஏறத்தாழக் கால் பங்கு நீரே போதும். வேலை செய்வதற்காகச் சிறிது கூடுதலாகச் சேர்க்கத்தான் வேண்டும். ஆனால் மிகுதியான நீர் ஆவியாகி, தான் இருந்த இடத்தை நுண்துளைகளாக விட்டுச் செல்கிறது. பின்னாளில் ஈரமும் காற்றும் உப்பும் அவற்றின் வழியே கம்பியை அடைகின்றன. கம்பி துருப்பிடித்தால் என்ன? துரு, தான் தோன்றிய இரும்பைவிட இரண்டு முதல் ஆறு மடங்கு வரை அதிக இடத்தை அடைக்கும். அந்த நெருக்கத்தில் கான்கிரீட் உள்ளிருந்தே வெடிக்கிறது.

நான் குடியிருக்கும் கட்டடத்தில் இரண்டு விரிசல்கள் கண்டோம். ஒன்று, மொட்டை மாடிக்குக் கீழே, தளமும் சுவரும் சந்திக்கும் இடத்தில், பார்த்தாலே பயப்படும்படி நீளமாக. மற்றொன்று, வண்டி நிறுத்துமிடத்துத் தூணில் மயிரிழை போலச் செங்குத்தாக. இரண்டின் குறுக்கேயும் நுண்ணோக்கியில் வைக்கும் கண்ணாடி ஸ்லைடை ஒட்டி, தேதி எழுதி வைத்தேன். விரிசல் அசைந்தால் கண்ணாடி உடையும். மே மாதம் மாடிக் கண்ணாடி உடைந்தது, வீட்டுக்காரர்கள் பதறினார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள்: கான்கிரீட் ஒரு டிகிரி வெப்பத்துக்குப் பத்து லட்சத்தில் 10 பங்கு விரியும். 10 மீட்டர் தளம் 20 டிகிரி சூடேறினால் 2 மில்லிமீட்டர் நீளும். வெயிலின் வேலைதான், மழைநீர் இறங்காமல் அடைத்தால் போதும்.

தூணிலிருந்த கண்ணாடி உடையவில்லை. ஆனால் எனக்குக் கவலை தந்தது அதுதான். விரிசல் கம்பியின் போக்கிலேயே சென்றது. ஓரத்தில் பழுப்புக் கறை. நாணயத்தால் தட்டினால், மற்ற இடங்களில் 'டங்' என்றது அங்கே 'டொப்' என்றது.

பொறியாளர் ஒருவர் மீயொலிக் கருவியுடன் வந்தார். தூணின் ஒரு பக்கத்திலிருந்து அனுப்பிய ஒலித்துடிப்பு மறுபக்கம் சேர எடுக்கும் நேரத்தை அது அளக்கும். செறிவான கான்கிரீட்டில் ஒலி வினாடிக்கு 4.5 கிலோமீட்டர் செல்லும். 30 சென்டிமீட்டர் தூணைக் கடக்க 67 மைக்ரோ வினாடி. உள்ளே வெற்றிடம் இருந்தால் ஒலி சுற்றிச் செல்ல வேண்டும். 100 மைக்ரோ வினாடி ஆனால் வேகம் 3 கிலோமீட்டர்தான், சந்தேகத்துக்குரியது. எங்கள் தூண்களில் அந்த ஒன்றைத் தவிர மற்றவை தேறின.

இச்சோதனை கான்கிரீட்டைப் பற்றிச் சொல்லும்; தூணின் பருமன் சுமைக்குப் போதுமா என்று சொல்லாது. பம்மலிலிருந்து சில கிலோமீட்டரில் உள்ள மௌலிவாக்கத்தில் 2014 ஜூன் 28 அன்று கட்டி முடியும் நிலையிலிருந்த 11 மாடிக் குடியிருப்பு சரிந்து 61 பேர் இறந்தார்கள். இடி தாக்கியதாக முதலில் ஒரு பேச்சு எழுந்தது. விசாரணையோ கட்டமைப்பு வடிவமைப்பின் குறைகளைச் சுட்டியது. அருகிலிருந்த இணைக் கட்டடம் 2016 நவம்பர் 2 அன்று வெடி வைத்துத் தகர்க்கப்பட்டது.

ஆகவே வாங்குமுன் மண் பரிசோதனை அறிக்கை, கம்பி வரைபடம், 28 நாள் கனசதுரச் சோதனை முடிவு ஆகியவற்றைக் கேட்க வேண்டும். 2016-ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டப்படி, ஒப்படைத்த 5 ஆண்டுக்குள் கட்டமைப்புக் குறை தெரிந்தால் கட்டியவரே இலவசமாகச் சரிசெய்ய வேண்டும். ஆனால் மனை 500 சதுர மீட்டருக்கு மேற்படாதிருந்தாலோ, வீடுகள் எட்டுக்கு மேற்படாதிருந்தாலோ பதிவு கட்டாயமில்லை. பம்மலின் உட்தெருக்களில் பல கட்டடங்கள் இந்த அளவுதான்.

எங்களுடையதும் அப்படியே, வயதோ பதினாறு. தூணுக்கு முட்டுக் கொடுத்து, கெட்ட கான்கிரீட்டைச் செதுக்கி, கம்பியைத் துலக்கி, புதுக் கம்பி சேர்த்து மீண்டும் வார்த்தோம். கலக்குவதற்கு நீர் வாங்கும்முன், அதைக் கல்லூரி ஆய்வகத்துக்கு எடுத்துச் சென்று சில்வர் நைட்ரேட்டால் குளோரைடு அளந்து பார்த்தோம். மூன்றாவது லாரியின் நீர்தான் தேறிற்று.